ஆங்கிலச் சோதனைக்குச் சிறுகதையும் இலக்கணமும்

சோதனை என்னும் சொல்லைக் கேட்டதும் பிள்ளைகளின் முகத்திலே தோன்றும் மாறுதலை அறியாத பெற்றார் இலர். அதிலும் ஆங்கிலச் சோதனை என்றால் அம்மாறுதல் இருமடங்காகும். கணிதமும் விஞ்ஞானமும் கடினமான பாடங்களே. ஆயினும் அவற்றைத் தாய்மொழியிற் கற்றுத் தாய்மொழியிலே விடை எழுதலாம். ஆங்கிலப் பாடத்திலோ கற்பதும் அயல்மொழி. விடை எழுதுவதும் அயல்மொழி. எமது நாட்டில் 1945ஆம் ஆண்டிலே இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த காலந்தொட்டுப் படிப்படியாகத் தாய்மொழியே போதனாமொழியாயிற்று. ஆங்கிலம் இரண்டாம் மொழி என்னும் இடத்தைப் பெற்றது. அதனால் விளைந்த நன்மை பெரிது. எனினும், ஆங்கிலம் வீட்டிலே பேசப்படாத குடும்பத்துப் பிள்ளைக்கு அம்மொழி வகுப்பறையில் மாத்திரம் கேட்கும் ஒரு மொழியாயிற்று. சிங்கள மாணாக்கர் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என்று பரிகாசமாகக் கூறுவதுண்டு. வாள் ஏந்தியவனுக்குத் துணை. எதிரே நிற்பவனுக்கு அச்சம். எம் பிள்ளைகளிற் பலர் தம்மை எதிரே நிற்பவராகவே எண்ணிக்கொள்கின்றனர்.

இந்த அச்சத்தை எவ்வாறு போக்குவது? ஆங்கில வகுப்பிலே சோதனைக்கென்று குறிக்கப்படும் பகுதிகள் பெரும்பாலும் இரண்டு. சில சிறுகதைகள் ஒன்று. அடிப்படை இலக்கணம் மற்றொன்று. மாணாக்கர் இவற்றை இரண்டு தனிச் சுமைகளாகக் கருதி, ஒன்றை மனனஞ் செய்து, மற்றொன்றைப் பயிற்சிப் புத்தகத்தில் நிரப்பி முடிக்கின்றனர். உண்மையில் அவை இரண்டல்ல. கதை நடப்பது இலக்கணத்தினாலே. இலக்கணம் விளங்குவது கதையினாலே. இதனை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவனின் அநுபவத்தை முதலிற் கூறுகின்றேன். பத்தாம் வகுப்பிலே கற்றவன். சோதனைக்கு ஓ. ஹென்றியின் கதை ஒன்று குறிக்கப்பட்டிருந்தது. முதல் நாள் மாலை அவன் தன் பாட்டியாருக்கு அக்கதையைத் தமிழிலே சொன்னான். தலைவாயிலில் அமர்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மூதாட்டி உலக்கையை நிறுத்திவிட்டுக் கேட்டார். கதை முடிந்ததும் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "சீப்பு இருக்குது, தலைமயிர் இல்லை, சங்கிலி இருக்குது, மணிக்கூடு இல்லை. எண்டாலும் அவை ரெண்டு பேரும் ஒண்டையும் இழக்கேல்லை, மோனை" என்றார். மறுநாள் வினாத்தாளிலே வந்த கேள்வி, அக்கணவனும் மனைவியும் அறிவிலிகளா அறிவாளிகளா என்பது. விடை அவன் வீட்டு வாயிலிலேயே முதல் நாள் கூறப்பட்டுவிட்டது. ஆயின் அவன் எழுதியது என்ன? வேறொருவர் எழுதிக் கொடுத்த கதைச் சுருக்கத்தை மனனஞ் செய்திருந்தான். அதனை முதலிலிருந்து முடிவுவரை எழுதி வைத்தான். நடுவிலே ஒரு வரி மறந்தது. அதன்பின் வந்த வரிகளெல்லாம் இடம் மாறின. இருபது புள்ளிக்கு ஐந்து கிடைத்தது. அவனுக்குக் கதை விளங்கவில்லை என்று விடைத்தாள் கூறிற்று. கதை அவனுக்கு நன்றாக விளங்கியிருந்தது என்பதற்கு அவன் பாட்டியாரே சாட்சி.

இவ்வகைத் துன்பம் அவனுக்கு மாத்திரம் உரியதன்று. இன்று கைத்தொலைபேசியில் ஒரு நொடியிலே கதைச் சுருக்கமும் மாதிரி விடையும் கிடைக்கின்றன. ஆதலின் கதையைப் படியாமலே கதைக்கு விடை எழுதும் வழக்கம் முன்னிலும் பெருகியுள்ளது. பிறர் தைத்த சட்டை எவருக்கும் அளவாக அமைவதில்லை. பிறர் எழுதிய விடையும் அத்தகையதே. கேள்வி சிறிது திரும்பினால் அது பொருந்தாது போகும்.

அவ்வாறாயின் எப்படிப் படிப்பது? இதற்கு விடையை நாம் மேல்நாட்டிலே தேட வேண்டியதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், பாடங்கேட்கும் முறையையும் கூறியுள்ளார். ஒரு நூலை இருமுறை கேட்பவனிடத்துப் பிழை மிகுதியாக இராது என்றும், மும்முறை கேட்பவன் அதன் முறையறிந்து பிறர்க்கு எடுத்துச் சொல்லும் தகுதி பெறுவான் என்றும் அவர் கூறுகின்றார். மேலும், ஆசிரியர் சொன்னதை நன்றாக ஏற்றுக்கொண்டாலும் கல்வியிற் காற்பங்கே கைவரும். உடன் கற்பாரோடு பயில்வதனால் இன்னொரு காற்பங்கு வரும். பிறர்க்கு எடுத்துரைப்பதனால் மற்றை அரைப்பங்கும் நிரம்பும் என்பது அவர் வகுத்த கணக்கு. ஆங்கிலச் சிறுகதைக்கும் இக்கணக்கு அப்படியே பொருந்தும்.

முதல் வாசிப்பிலே கதையை மாத்திரம் பற்றிக்கொள்ளுதல் வேண்டும். தெரியாத சொல் வருந்தோறும் அகராதியைப் புரட்டுதல் ஆகாது. அகராதி தவறான வழியைக் காட்டுவதும் உண்டு. 'த லம்பர் ரூம்' என்று ஒரு கதை. அகராதியில் 'லம்பர்' என்பதற்கு அறுத்த மரம் என்று பொருள் கண்ட மாணவன், அவ்வறையை மரக்காலை என்று எண்ணிக்கொள்வான். கதையைத் தொடர்ந்து வாசித்தவனோ, அது பழைய தட்டுமுட்டுப் பொருட்களைப் பூட்டி வைக்கும் அறை என்பதைத் தானாகவே அறிந்துகொள்வான். முன்னும் பின்னும் வரும் செய்திகள் சொல்லின் பொருளை உணர்த்தும். நான்கு பேர் நடுவே நிற்பவரை அயலில் நிற்பவரைக் கொண்டு அடையாளங் காண்பதில்லையா? அதுபோன்றதே இது.

இரண்டாம் வாசிப்பிலே மூன்று வினாக்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையில் வருவோர் யாவர்? ஒவ்வொருவரும் விரும்புவது யாது? எவ்விடத்திலே கதை திரும்புகின்றது? இம்மூன்றுக்கும் தன் சொந்த ஆங்கிலத்திலே, ஐந்தாறு சொற்கொண்ட சிறு வாக்கியங்களாக விடை எழுதிக்கொள்ளுதல் வேண்டும். அவ்வாக்கியங்கள் எளியனவாயினும் அவனுடையவை. அவற்றை மறத்தல் அரிது. மூன்றாம் வாசிப்பிலேயே இலக்கணம் வருகின்றது. இதனை இரண்டு கதைகளைக் கொண்டு விளக்குவேன்.

முதலாவது, நான் முன்பு கூறிய ஓ. ஹென்றியின் கதை. கீழ்த்திசை ஞானிகள் குழந்தை இயேசுவுக்குப் பரிசு கொண்டுவந்த வரலாற்றைத் தலைப்பிலே நினைவூட்டும் கதை அது. 1905ஆம் ஆண்டு டிசம்பரிலே நியூ யோர்க் நகரப் பத்திரிகை ஒன்றில் வெளியாயிற்று. ஓ. ஹென்றி என்பது புனைபெயர். இயற்பெயர் வில்லியம் சிட்னி போர்ட்டர். கதையிலே டெல்லா, ஜிம் என்னும் இளந் தம்பதிகள் வறுமையிலே வாழ்கின்றனர். நத்தார்ப் பண்டிகைக்கு முதல் நாள், கணவனுக்குப் பரிசு வாங்க டெல்லாவிடம் இருந்தது ஒரு டொலரும் எண்பத்தேழு சதமும். தன் நீண்ட கூந்தலை இருபது டொலருக்கு விற்று, கணவனின் சட்டைப்பை மணிக்கூட்டுக்கு இருபத்தொரு டொலர் விலையுள்ள பிளாற்றினச் சங்கிலி ஒன்றை வாங்குகின்றாள். கணவன் வீடு வருகின்றான். அவன் கையிலே அவளுடைய கூந்தலுக்கென்று வாங்கிய சீப்புகள். அவற்றை வாங்குவதற்கு அவன் விற்றது அந்த மணிக்கூட்டை.

இக்கதையின் உயிர் எங்கே இருக்கின்றது? கால முறையிலே இருக்கின்றது. ஆங்கில இலக்கணத்தில் இறந்தகாலத்துக்கும் முற்பட்ட இறந்தகாலம் ஒன்று உண்டு. 'சோல்ட்' என்பது விற்றாள். 'ஹாட் சோல்ட்' என்பது விற்றிருந்தாள். 'வென் ஜிம் கேம் ஹோம், டெல்லா ஹாட் சோல்ட் ஹேர் ஹெயர்' என்று எழுதினால், ஜிம் வீட்டுக்கு வந்தபோது கூந்தல் முன்னமே விற்கப்பட்டுவிட்டது என்பது பொருள். 'ஹாட்' என்னும் அச்சிறு சொல்லை நீக்கி, 'வென் ஜிம் கேம் ஹோம், டெல்லா சோல்ட் ஹேர் ஹெயர்' என்று எழுதிப் பாருங்கள். ஜிம் வந்தான்; அதன்பின் டெல்லா கூந்தலை விற்றாள் என்று பொருள்படும். அவ்வாறு நடந்திருந்தால் ஜிம் அவளைத் தடுத்திருப்பான், சீப்புகளும் பயன்பட்டிருக்கும், கதையும் இல்லையாகும். ஒரு துணைவினை தவறினால் ஒரு கதையே கெடுகின்றது. பயிற்சிப் புத்தகத்திலே ஐம்பது கோடிட்ட இடங்களை நிரப்பியும் விளங்காத இவ்விதி, இந்த ஒரு வாக்கியத்தினாலே விளங்கிவிடும்.

இங்கே இன்னொன்றையும் கூறுதல் நன்று. கதையை எழுதிய ஆசிரியர் இறந்தகாலத்திலே எழுதியிருப்பினும், அக்கதையைப் பற்றி விடை எழுதும்போது நிகழ்காலத்திலே எழுதுவது ஆங்கில மரபு. இறந்தகாலத்தில் எழுதுவதையும் ஆசிரியர்கள் பலர் ஏற்றுக்கொள்வர். பிழையாவது யாதெனின், முதல் வாக்கியத்தில் 'விற்கின்றாள்' என்றும், அடுத்த வாக்கியத்தில் 'வாங்கினாள்' என்றும், மூன்றாவதில் 'கொடுக்கின்றாள்' என்றும் காரணமின்றி மாறுவதே. ஏறிய வண்டியிலேயே இறுதிவரை செல்லுதல் வேண்டும். வகுப்பாசிரியர் எதனை விரும்புகின்றார் என்று சோதனைக்கு முன்னரே கேட்டு அறிந்துகொள்வது புத்தி.

இரண்டாவது கதை, முன்பு கூறிய 'த லம்பர் ரூம்'. எழுதியவர் சாகி என்னும் புனைபெயர் பூண்ட ஹெக்டர் ஹியூ மன்றோ. 1870ஆம் ஆண்டிலே பர்மாவிலே பிறந்து, தாயை இளமையில் இழந்து, இங்கிலாந்திலே கண்டிப்பு மிகுந்த அத்தைமார் இருவரின் வளர்ப்பிலே இருந்தவர். 1916ஆம் ஆண்டு முதலாம் உலகப் போரிலே பிரான்சின் போர்முனையில் உயிர் துறந்தார். 1914ஆம் ஆண்டு வெளியான அவருடைய கதைத் தொகுதி ஒன்றிலே இக்கதை உள்ளது. அத்தைமாரிடம் வளர்ந்த அவருடைய கதைகளிலே அத்தைமார் அடிக்கடி தோல்வியுறுவதைக் காண்கின்றோம்.

கதைத் தலைவன் நிக்கொலஸ் என்னும் சிறுவன். காலை உணவாகிய பாலும் பாணும் இட்ட கிண்ணத்திலே ஒரு தவளை இருக்கின்றது என்கின்றான். அது இருக்க முடியாது என்று பெரியோர் அடித்துக் கூறுகின்றனர். தவளை உண்மையிலேயே இருந்தது. அதனை இட்டவன் அவனே. அதற்குத் தண்டனையாக, மற்றப் பிள்ளைகள் கடற்கரைக்குச் செல்ல அவன் வீட்டிலே நிறுத்தப்படுகின்றான். கூஸ்பெரித் தோட்டத்துக்குள் அவன் புகுந்துவிடுவான் என்று அத்தை காவல் காக்க, அவனோ திறப்பை எடுத்துப் பூட்டியிருந்த அறைக்குள் நுழைந்து, அங்கே வேட்டைக் காட்சி நெய்த திரைச்சீலையையும் வேறு அரும் பொருட்களையும் கண்டு மகிழ்கின்றான். அவனைத் தேடித் தோட்டத்துக்குட் சென்ற அத்தை மழைநீர்த் தொட்டியிலே வழுக்கி விழுகின்றாள். ஏணி கொண்டுவா என்று அவள் கூவ, தோட்டத்துக்குள் வரக்கூடாதென்று கட்டளை அன்றோ என்று அவளுடைய சொல்லையே அவளுக்குத் திருப்பிக் கொடுக்கின்றான் சிறுவன்.

இக்கதையிலே முதலிற் கற்க வேண்டிய இலக்கணம், பெயருக்கு முன் வரும் 'ஏ', 'ஆன்', 'த' என்னும் சிறு சொற்கள். தமிழிலே இவற்றுக்கு நேரான சொல் வகை இல்லை. 'கிண்ணத்திலே தவளை இருந்தது' என்றால் எமக்குப் போதும். ஆதலினாலேயே எம் மாணாக்கர் இவற்றை வேண்டாத இடத்தில் இட்டும், வேண்டிய இடத்தில் விட்டும் எழுதுகின்றனர். கதையிலே தவளையின் நிலையைப் பாருங்கள். அதனை முதன்முதல் அறிவிக்கும்போது கேட்போர்க்கு அது புதியது. எனவே 'ஏ ஃபுறொக்', ஒரு தவளை. அதன்பின் அது எல்லார்க்கும் தெரிந்த தவளை. எனவே 'த ஃபுறொக்', அந்தத் தவளை. முதல் அறிமுகத்துக்கு 'ஏ'; அறிமுகமானபின் 'த'. வீட்டுக்கு வரும் புதியவரை முதல் நாள் 'ஒருவர் வந்திருக்கின்றார்' என்கின்றோம். மறுநாள் 'அவர் வந்திருக்கின்றார்' என்கின்றோம். வேறு நுட்பங்களும் இச்சொற்களுக்கு உண்டு. எனினும் அடிப்படைச் சோதனைக்கு இவ்வொரு விதியே பெரும்பாலான பிழைகளை நீக்கும்.

'ஆன்' என்பது எப்போது வரும்? இதனைத் தமிழ் மாணவன் மிக எளிதிலே உணரலாம். 'ஒரு நாள்' என்கின்றோம். 'ஓர் ஆண்டு' என்கின்றோம். உயிர்முன் 'ஓர்', மெய்முன் 'ஒரு'. ஆங்கிலத்திலும் உயிரொலிமுன் 'ஆன்'; மெய்யொலிமுன் 'ஏ'. 'ஆன் ஆன்ட்', 'ஏ போய்' என்பன காட்டு. ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துச் செல்லும், ஆங்கிலத்தில் அவ்வாறன்று. 'அவர்' என்னும் மணி குறிக்கும் சொல் எழுத்தில் மெய்யிலே தொடங்கினும் ஒலியில் உயிரிலே தொடங்குவது; ஆதலின் 'ஆன் அவர்'. 'யூனிவேர்சிற்றி' எழுத்தில் உயிரிலே தொடங்கினும் ஒலியில் யகர மெய்யிலே தொடங்குவது. ஆதலின் 'ஏ யூனிவேர்சிற்றி'. கண்ணை நம்பாது காதை நம்புக என்பதே இங்கு விதி.

கதையிலே வரும் அத்தையைப் பற்றியும் ஒரு சொல். எமது மொழியிலே பெரியம்மா, சின்னம்மா, மாமி, அத்தை என்று உறவு பிரித்து வழங்கும் சொற்கள் பல. ஆங்கிலத்திலே எல்லாரும் 'ஆன்ட்'. இக்கதையின் அத்தை உண்மையில் நிக்கொலசின் உறவினரான பிள்ளைகளுக்கே அத்தை. அவனுக்கும் தான் அத்தை என்று அவளாகவே உரிமை கொண்டாடுகின்றாள். இதனைக் கவனித்தவனுக்கே, அவளுடைய கண்டிப்பும் அவனுடைய குறும்பும் எங்கிருந்து பிறந்தன என்பது புலனாகும். பாத்திரத்தின் குணத்தைப் பற்றிக் கேள்வி வந்தால், இத்தகைய ஒரு செய்தியைச் சான்றாகக் காட்டும் விடைக்கு மதிப்பு மிகுதி.

அடுத்தது, பிறர் கூற்றை எடுத்துரைக்கும் முறை. இரண்டு பேர் சொல்லாடும் கதையாதலின் இதற்கு இக்கதை மிகவும் ஏற்றது. தமிழிலே 'என்று' என்னும் ஒரு சொல்லை இட்டால் வேலை முடிந்தது. 'நான் நாளைக்கு வருவேன் என்று தம்பி சொன்னான்' என்கின்றோம். தம்பியின் வாய்மொழி மாறாது அப்படியே நிற்கின்றது. ஆங்கிலத்திலே அவ்வாய்மொழியை அயற்கூற்றாக மாற்றும்போது மூன்று மாறுதல்கள் நிகழும். 'நான்' என்பது 'அவன்' ஆகும். 'வில்' என்பது 'வுட்' ஆகும். 'நாளை' என்பது 'மறுநாள்' ஆகும். 'ஹீ செட் தட் ஹீ வுட் கம் த நெக்ஸ்ட் டே' என்று வரும். ஆள், காலம், நாள் என்னும் இம்மூன்றையும் விரல் விட்டு எண்ணிச் சரிபார்த்தல் வேண்டும். அத்தைக்கும் சிறுவனுக்கும் இடையே நடக்கும் உரையாடலில் ஐந்து கூற்றுக்களை எடுத்து, ஒவ்வொன்றையும் அயற்கூற்றாக மாற்றி எழுதுபவன், கதையையும் மறவான், விதியையும் மறவான்.

இனி, எம்மவர் விடைத்தாள்களிலே மிகுதியாகக் காணப்படும் இரண்டு பிழைகளைச் சுருக்கமாகக் கூறுகின்றேன். தமிழ் வினைச்சொல்லிலே யார் செய்தார் என்பது அடங்கியிருக்கின்றது. வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள் என்றவுடன் ஆள் தெரிகின்றது, எழுவாயை விட்டுவிடலாம். ஆங்கில வினையிலே அது தெரிவதில்லை. 'கேம்' என்றால் வந்தவர் யார்? ஆதலினால் எழுவாய் இன்றியமையாதது. அதுபோலவே சொற்கள் நிற்கும் இடமும் இன்றியமையாதது. 'டெல்லா கூந்தலை விற்றாள்', 'கூந்தலை டெல்லா விற்றாள்' என்று எவ்வாறு கூறினும், 'ஐ' என்னும் உருபு தமிழிலே பொருளைக் காக்கும். ஆங்கிலத்தில் அவ்வுருபு இல்லை. இடத்தை மாற்றினால் கூந்தல் டெல்லாவை விற்றுவிடும். ஆள் காட்டும் விகுதி ஆங்கில வினையிலே ஏறத்தாழ இல்லையாயினும், நிகழ்காலத்தில் அவன், அவள், அது என்பவற்றோடு வரும்போது மாத்திரம் 'ஸ்' என்னும் ஒலி இறுதியிலே சேரும். 'ஐ செல்', 'ஷீ செல்ஸ்'. நிகழ்காலத்தில் விடை எழுதுவோர் இதனைப் பெரிதும் மறக்கின்றனர்.

மற்றொரு பிழை வினா வாக்கியத்திலே தோன்றுவது. 'டிட்' என்னும் சொல் இறந்தகாலத்தைத் தானே சுமந்துகொள்கின்றது. எனவே அதன்பின் வரும் வினை இயல்பான வடிவிலே நிற்கும். 'வை டிட் ஷீ செல் ஹேர் ஹெயர்' என்பதே சரி. 'டிட் சோல்ட்' என்பது பிழை. ஒரு சுமையை இருவர் தலையில் ஏற்றுதல் வேண்டா. விடையிலோ 'டிட்' நீங்கிவிடும். காலம் மீண்டும் வினையினிடத்தே வந்து சேரும். 'ஷீ சோல்ட் இற்' என்று தொடங்கி, 'பிகோஸ்' என்று காரணம் காட்ட வேண்டும். இவ்வொரு வினாவும் விடையும் பழகியவனுக்குச் சோதனையில் வரும் வினாக்களிற் பாதி பழகிவிட்டது எனலாம்.

நாவலர் பெருமான் தமிழ் மாணாக்கருக்கென இலக்கணச் சுருக்கம் என்னும் நூலை எளிய உரைநடையில் எழுதினார். இலக்கணக் கடல் முழுவதையும் முதல் நாளிலேயே நீந்துதல் வேண்டா என்பதை அவர் அறிந்திருந்தார். ஆங்கிலச் சோதனைக்கும் மாணவன் தனக்கென ஓர் இலக்கணச் சுருக்கம் எழுதிக்கொள்ளலாம். ஒரு கொப்பியில் ஒரு பக்கம் போதும். இடப்பக்கத்திலே விதி, வலப்பக்கத்திலே அவ்விதிக்குக் கதையிலிருந்து தானே அமைத்த ஒரு வாக்கியம். இன்று நாம் கண்ட ஐந்தாறு விதிகளும் அப்பக்கத்துள் அடங்கும். திருத்திக் கொடுக்கப்பட்ட பழைய விடைத்தாள்களையும் வீசிவிடலாகாது. சிவப்பு மையிலே குறிக்கப்பட்ட பிழைகளே அவனுக்கு உரிய இலக்கணப் புத்தகம்.

சோதனைக்கு ஒரு வாரம் உளதாயின், முதல் இரண்டு நாளிலே கதைகளை இருமுறை வாசித்து முடிக்கலாம். அடுத்த இரண்டு நாளும் மூன்றாம் வாசிப்புக்கும் இலக்கணப் பக்கத்துக்கும் உரியன. ஐந்தாம் நாள் உடன் கற்பவர் ஒருவரோடு இருந்து, ஒருவரை ஒருவர் வினாவி விடை கூறுதல் வேண்டும். ஆறாம் நாள் புத்தகத்தை மூடிவைத்து, மணிக்கூட்டைப் பார்த்து, குறித்த நேரத்துள் இரண்டு விடைகளை எழுதிப் பழக வேண்டும். ஏழாம் நாள் இலக்கணப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு நேரத்தோடு உறங்குதல் நன்று. இரவு முழுதும் விழித்துக் கற்றவன் காலையிலே கேள்வியையே தவறாக வாசிப்பான்.

சோதனை மண்டபத்திலே முதல் வேலை எழுதுவதன்று, வாசிப்பது. கேள்வி யாது வேண்டுகின்றது? நடந்ததைக் கூறு என்கின்றதா, காரணம் காட்டு என்கின்றதா, உன் கருத்து யாது என்கின்றதா? கருத்தைக் கேட்ட இடத்திலே கதையைச் சொல்வது, பசிக்கின்றது என்றவனுக்குப் பாய் விரிப்பது போலாகும். கருத்தை முதல் வாக்கியத்திலேயே கூறி, அதற்குக் கதையிலிருந்து இரண்டு சான்று காட்டி, சிறு வாக்கியங்களாக எழுதுக. நீண்ட வாக்கியத்திலே பிழை ஒளிந்துகொள்ள இடம் மிகுதி. இறுதி ஐந்து நிமிடத்தை ஒதுக்கி, மூன்றை மாத்திரம் சரிபார்க்க: காலம் இடையிலே மாறிற்றா? 'ஸ்' விடுபட்டதா? பெயர்முன் வரும் சிறு சொற்கள் பொருந்தினவா? எல்லாவற்றையும் பார்க்க முனைந்தால் ஒன்றையும் பாராது போவோம்.

பெற்றாருக்கும் ஒரு சொல். தமக்கு ஆங்கிலம் தெரியாதென்று பலர் பிள்ளையின் ஆங்கிலப் படிப்பிலிருந்து ஒதுங்கிக்கொள்கின்றனர். அது வேண்டியதில்லை. "நீ படித்த கதையை எனக்குத் தமிழிலே சொல்" என்று கேளுங்கள். "அவன் ஏன் அப்படிச் செய்தான்?" என்று வினாவுங்கள். பிள்ளை சொல்லத் தொடங்கும்போது கதை அதன் மனத்திலே ஒழுங்கு பெறும். நன்னூலார் கூறிய அரைப்பங்கு கல்வி உங்கள் வீட்டு வாயிலிலேயே நிறைவுறும். அதன்பின் சொன்னதை நான்கு சிறிய ஆங்கில வாக்கியங்களில் எழுதுமாறு கூறுங்கள். அவற்றிலே பிழை இருக்கலாம். பிழையோடு எழுதிய சொந்த வாக்கியத்தை ஆசிரியர் திருத்த முடியும். மனனஞ் செய்த பிறர் வாக்கியத்தைத் திருத்துவதனால் பிள்ளைக்கு வரும் பயன் யாது?

நான் முற்கூறிய மாணவன் அடுத்த தவணையிலே அவ்வாறே செய்தான். வேறு கதை, வேறு கேள்வி. மாலைதோறும் பாட்டியாருக்குக் கதை சொன்னான். அவர் சொன்னவற்றுள் தனக்குப் பிடித்ததைத் தன் ஆங்கிலத்திலே எழுதிப் பழகினான். இருபதுக்குப் பன்னிரண்டு பெற்றான். வகுப்பிலே அது முதலிடம் அன்று. ஆனால் அவன் விடைத்தாளின் ஓரத்திலே ஆசிரியர், 'இது உன் சொந்தக் கருத்து, நன்று' என்று எழுதியிருந்தார். அவன் அதனைக் கொண்டுபோய்ப் பாட்டியாருக்கு வாசித்துக் காட்டித் தமிழிலே பொருள் சொன்னான். "அது என்ரை கருத்தெல்லோ!" என்று அம்மூதாட்டி சிரித்தாராம்.